யானைக்கு எந்தக் கை

— மாமா, வலப்பக்கத்து யானைய அமத்துங்க என்டுதானே செல்லித் தந்தன்? வலத்த அமத்தினா எல்லார்ட போனிலயும் "யானை வந்திட்டு" என்டு என்ட குரல் கேக்கும். இடத்த அமத்தினா "யானை போயிட்டு".

— அதத்தான் மகள் அமத்தினன். வயல் காவல் பரணுக்கு மேல குந்திக்கிட்டு எனக்கு வேறென்ன வேல?

— எனக்கிட்ட "யானை போயிட்டு" என்டெலுவா வந்திரிக்கி! நீங்க இடத்த அமத்திட்டீங்க.

— இந்தா பாரு புள்ள, மீராமுகைதீனுக்கு வயசு போயிட்டுதான். சோறு தின்னுற கை எதென்டு இன்னும் மறக்கல்ல.

— ராத்தா, மாமா லைனில இரிக்கட்டும், லெப்டொப்ப இஞ்சால திருப்புங்க பாப்பம். எல்லாம் நேராத்தானே கிடக்கு? நீங்க இழுத்து வெச்ச இடத்திலதான் ரெண்டு பட்டனும் நிக்கிது.

— என்ட போனிலயும் அப்பிடித்தான் இஹ்ஸான் தம்பி. மாமாட போனுக்குள்ள போனாத்தான் இடம் வலமாக் கிறுகுது. அழிச்சி அழிச்சிப் புதிசாச் செஞ்சும் பாத்திட்டன். கெம்பஸில நீ இதத்தானே படிக்கிறாய், ஏன் என்டு செல்லன்.

— முதல்ல இதச் செல்லுங்க. ரெண்டுக்கும் ஏன் ஒரே படம்? வாற யானைக்கும் போற யானைக்கும் ஒரே மூஞ்சியா?

— கீழ எழுத்து இரிக்கிதானே.

— வயலுக்குள்ள மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டா ராத்தா யானை பாக்கிற?

— தம்பி செல்லுறது உண்மை மகள். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு. எங்களுக்குக் கை அடையாளந்தான் தோது. இரு, மத்தப் பக்கத்த அமத்திப் பாக்கிறன். இப்ப?

— இப்ப "யானை வந்திட்டு" என்டு வருகுது.

— அவ்வளவுதானே? முடிஞ்சி வேல.

— முடியல்ல மாமா! ஏன் இப்பிடி நடக்குது என்டு தெரியாம இத எப்பிடி நம்புற? போன போகத்தில கச்சிமுகம்மது காக்கா, யானை போயிட்டு என்டு யாரோ செல்லக்குள்ள நம்பி இறங்கித்தானே கால முறிச்சிக்கிட்டார். அதுக்காகத்தான் இந்தச் செயலிய நான் செய்யத் தொடங்கின.

— பொறு மகள். பரணுக்குக் கீழால நளீம் சைக்கிள்ள குளக்கட்டுக் காவலுக்குப் போறான்.

— ராத்தா, அவர் கதைச்சிட்டு வரட்டும். இந்தப் பட்டன ஒருக்கா அழுத்திக் காட்டுங்க. அளவெல்லாம் சரியா?

— அளவு சரிதான், பலதரம் பாத்திட்டன். மாமா, இருக்கிறீங்களா?

— இரிக்கன், இரிக்கன். இதக் கேளு. ஒரு கொக்கு குளத்துத் தண்ணிக்குள்ள தன்னக் கண்டு, "நான் வலக்கால் தூக்கினா நீ ஏன் இடக்கால் தூக்குறாய்?" என்டு சண்டை புடிச்சிச்சாம். நீயும் நானும் இப்ப அந்தக் கொக்குத்தான்.

— மறுகா யார் வென்ட மாமா?

— மீன் வென்ட தம்பி. சண்டை முடியிறதுக்குள்ள நீந்திப் போயிட்டு.

— தண்ணிக்குள்ள தெரியிற கொக்கு... மாமா, போன்ட உச்சியப் பாருங்க. பெட்டரி அடையாளம் எந்தப் பக்கம்?

— இடப்பக்கம்.

— ராத்தா, எங்களுக்கு வலப்பக்கம்! மாமா, அந்தப் போன் யார் தந்த?

— வேற யாரு, உன்ட மச்சான் ஸஹீத்தான் கட்டாரில இருந்து அனுப்பின. முழுக்க அறபு. தமிழுக்கு மாத்தித் தாறன் என்டான், நான் உடல்ல. மணி பாக்கப் போன எடுத்தாலும் குர்ஆன் எழுத்துக் கண்ணில படுகுது. பறக்கத்துதானே.

— யா அல்லாஹ்! ராத்தா, பட்டன எதோட கட்டியிரிக்கீங்க? இடம், வலம் என்டா?

— இல்ல, "தொடக்கம்", "முடிவு" என்டு. அப்பிடித்தானே செய்யச் செல்லுறாங்க... அல்லாஹ்வே, அறபு வலத்தில இருந்தெலுவா தொடங்குது! அவர்ட போன் எல்லாத்தையும் கிறுக்கிப் போட்டிரிக்கி!

— அப்ப நான் சோத்துக் கையாலதான் அமத்தினன்.

— ஓம் மாமா, பிழை எனக்கிட்ட. இடம், வலம் என்டே கட்டி இப்பவே அனுப்புறன். மத்த ஆக்களுக்கு ஒண்டும் இல்ல, அவங்கட போனில வலந்தான் "வந்திட்டு".

— நல்லம். இந்தா, உன்ட குரலும் வந்திட்டு: "யானை போயிட்டு". நளீம் குளக்கட்டில இருந்து அமத்திரிக்கான். நான் இறங்கிறன், மஃரிபுத் தொழுகைக்கு ஒழு எடுக்கணும்.

— நளீமுக்கும் இந்தச் செயலிய குடுத்தீங்களா? அவர்ட போனும் அறபா?

— இல்ல மகள், அக்கரைப்பற்றில வாங்கின, தமிழ்தான். அவனும் உன்னப் போல வலம் வலம் என்டுதான் நிண்டான். பரணுக்குக் கீழால போகக்குள்ள மறிச்சிச் செல்லிட்டன், யானை வந்தா இடக்கை என்டு.

— மாமா, ஏணியில கால் வெக்காதீங்க!