மருமகனுக்குச் செய்த துவக்கு

உங்கள் கோப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் வேலைத்தலத்தில் என் முதலாளி ஜோனாஸ் போடுகிற கோப்பியை வாயில் வைக்க ஏலாது. இத்தனை வருடமும் முகம் சுளிக்காமல் அதைத்தான் குடித்தேன். நான் பொறுமைசாலி என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு நோர்வேஜிய மொழி தெரியும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டது, வீட்டு விடயத்தைத் தமிழில் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும் என்பதால். கிருஷ்ணகுமாரி பிள்ளை, நீங்கள் ஊரிலே எந்தப் பக்கம்? சொல்லக்கூடாதோ? சரி, விடுங்கள். நான் சொல்வதை இந்தப் பொலிஸ் அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

பெயர் யோகலிங்கம். வேட்டைத் துவக்குச் செய்வது தொழில், எழுத்தில் துப்பாக்கி என்பார்கள். கடையில் விற்கிற துவக்கு அல்ல. ஒருவர் பழைய துவக்கு ஒன்றைக் கொண்டுவந்து, இதற்கு வேறு குழல் போடு, வேறு ரவைக்கு மாற்று என்பார். அதில் முக்கியமான வேலை போல்ட்டின் முகம். ரவையைப் பின்னாலிருந்து பூட்டிப் பிடிக்கிற இரும்புத் தண்டுதான் போல்ட். அதன் முகத்திலே ஒரு குழி உண்டு. ரவையின் பித்தளை உறையைக் கோது என்போம், அதன் அடிப்பக்கம் அந்தக் குழிக்குள் அளவாக உட்கார வேண்டும். பெரிய கோதுக்கு வெட்டிய குழியில் சின்னக் கோது நில்லாது, ஆடும். வெடிக்கும்போது பித்தளை கிழிந்து, முன்னால் போக வேண்டிய நெருப்பு சுடுகிறவனின் முகத்துக்குத் திரும்பும். என் கையால் போன துவக்கு ஒன்றில்கூட அப்படி நடந்ததில்லை. ஜோனாஸைக் கேட்டுப் பாருங்கள்.

இனி சுரேன், என் மகள் கட்டப் போகிறவன். அவன் கெட்ட பெடியன் என்று நான் சொல்லவில்லை. குடியில்லை, புகையில்லை, நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறான். ஆனால் அவனைக் கண்டாலே எனக்கு வயிறு பற்றி எரியும். ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, கேளாமலே இரண்டாம் தரம் சோறு போடுவான். வாய் நிறைய "மாமா, மாமா" என்பான். யாருக்கடா நான் மாமன் என்று நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டு, நான் கறியை அவன் பக்கம் தள்ளி வைப்பேன்.

அவன் தாய் புஷ்பமலரின் ஊர்ப் பெயரைக் கேட்ட அன்றைக்கே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. அவளுடைய தகப்பன் எங்கள் வளவுக்கு வந்தால் கிணற்றடிக்கு அங்காலே நின்றுதான் கதைப்பாராம். நான் சாதி பார்க்கிறவன் இல்லை, அதைக் கட்டாயம் எழுதுங்கள். தகவலுக்காக மகளிடம் சொன்னேன், அவ்வளவுதான்.

"அப்பா, இது ஒஸ்லோ. உங்கடை கிணறு இஞ்சை இல்லை" என்றாள் ஆரபி.

பல் வைத்தியராகப் படித்து முடித்தவள், என் ஒரே பிள்ளை. தாயில்லாமல் வளர்த்தேன். பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி இழுத்து விட்டதுகூட நான்தான். அவள் இறங்கிப் போய் அழியக்கூடாது என்று நினைத்தது குற்றமென்றால், உலகத்தில் பெண் பெற்ற எல்லோரையும் பிடித்து அடையுங்கள்.

சுரேன் வேலைத்தலத்துச் சிநேகிதரோடு எல்க் மான் வேட்டைக்குப் போக ஆசைப்பட்டான். கையில் ஒரு பழைய துவக்கு வைத்திருந்தான். நானே கேட்டு வாங்கினேன். மருமகனுக்கு என் கையால் கலியாணப் பரிசு என்றேன். ஆரபி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அன்றைக்கு அவள் எவ்வளவு சந்தோசப்பட்டாள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

அந்தத் துவக்கு முதலில் பெரிய ரவைக்குச் செய்தது. அவன் கேட்டது அதைவிடச் சின்ன ரவை. குழலை மாற்றினேன். போல்ட்டும் மாற்ற வேண்டும். மாற்றினேன். எங்களிடம் புதிய துவக்கை யாரும் கையில் பிடித்துச் சுடுவதில்லை. கட்டி வைத்து, சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றால் இழுப்போம். வெடி சுத்தமாகப் போனது. ஜோனாஸ் கோதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அருமை என்றான். அதன் பிறகு பெரிய குழியுள்ள பழைய போல்ட்டை எடுத்துத் திரும்பப் போட்டேன். ஆகவே துவக்கு பரிசோதனையில் தேறியது என்பது பொய்யில்லை.

அவனைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு சொல்லை நான் மனதுக்குள்கூடச் சொன்னதில்லை. கலியாணம் நடக்காமல் போகும் என்று மட்டும் நினைத்தேன்.

சனிக்கிழமை சுடுதளத்துக்கு என்னையும் வரச் சொன்னார்கள். போனேன். நேரே பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. புஷ்பமலரும் வந்திருந்தாள், பட்டுச் சேலைக்கு மேலே குளிர் அங்கி. புது வாகனத்துக்குச் செய்கிற மாதிரித் துவக்கின் மரப்பிடியில் சந்தனப் பொட்டு வைத்தாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சுரேன் துவக்கை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"முதல் வெடியை நீங்கள் வையுங்கோ, மாமா. செய்தது நீங்கள். உங்கடை கைராசி எனக்கு வேணும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இப்படி மரியாதை செய்கிற புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"எனக்கு இப்ப கண் சரியில்லைத் தம்பி. நீரே வையும்" என்றேன்.

அவன் தானே வெடி வைத்திருப்பான். தாய்க்காரி விடவில்லை.

"அப்ப மருமகள் வைக்கட்டும். என்ரை வீட்டிலை விளக்கேத்த வாற பிள்ளை. அவவின்ரை கையாலை தொடங்கினால் எல்லாம் நல்லா வரும்" என்றாள்.

ஆரபி வெட்கப்பட்டாள். பிறகு பாயில் குப்புறப் படுத்தாள். சுரேன் பக்கத்தில் குந்தி, அவளுடைய காது மூடியைச் சரி செய்து விட்டான். அவள் கன்னத்தை மரப்பிடியில் வைத்தாள். உடனே சுடவில்லை. தலையை நிமிர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, பாருங்கோ" என்றாள்.

ஓம், தடுக்க நேரம் இருந்தது. நில் என்று ஒரு சொல் போதும், அவள் எழும்பியிருப்பாள். அந்தச் சொல் என் வாய்க்குள் வந்தது.

ஆனால் ஏன் என்று கேட்பார்கள். சுரேன் போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பான். புஷ்பமலர் என்னைப் பார்ப்பாள். அவளுக்கு முன்னால், அந்தக் கிணற்றடிக்காரனின் மகளுக்கு முன்னால், நான் தலை குனிந்து நிற்க வேண்டும். அது என்னால் ஏலாது, அம்மா. உங்களுக்கு இது விளங்காது. கிருஷ்ணகுமாரி பிள்ளைக்கு விளங்கும்.

நான் தலையை ஆட்டினேன். சுடு என்று.

அவளுக்கு வலது கண் போய்விட்டது. மற்றக் கண்ணும் தேறாது என்றுதான் டாக்டர் கதைக்கிறார். சுரேன் ஆஸ்பத்திரியை விட்டு அசையவே இல்லையாம், கலியாணத்தைச் சொன்ன நாளிலேயே வைக்க வேண்டுமென்று நிற்கிறானாம். பாருங்கள் அவன் பிடிவாதத்தை.

கையொப்பம் வைக்கிறேன். அதற்கு முன் கடைசியில் ஒன்று சேர்த்து எழுதுங்கள்: நான் செய்தது எல்லாம் என் மகளுக்காக.