யாருக்குத் தகவல் சொல்லணும்?

சுனாமிக்கு மறு வருஷம். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில்தான் பழக்கமானவர்கள். மூத்தவர் உப்பளத்தில் வேலை செய்பவர்; அன்று திண்டிவனம் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று சொன்னார்:

“வாரண்ட்டோட போலீஸ் வந்ததுக்கு நான் அழல. யாருக்குத் தகவல் சொல்லணும்னு கேட்டாங்க பாரு, அதுக்குத்தான் அழுதேன்.”

“எதுக்குக்கா வாரண்ட்டு?”

“நிவாரணம் கேட்டு ரோட்ல உக்காந்த கேசு. ஒரு வாய்தாவுக்கு போகல. லேடி போலீசு நல்ல பொண்ணுதான். வாரண்ட்ட படிச்சு காட்டுச்சு. வக்கீல் வச்சிக்கலாம், ஜாமீன் கேக்கலாம், உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்கு நாங்க தகவல் சொல்லணும், அது உங்க உரிமைன்னுச்சு. வீட்டுக்காரரும் இல்ல, புள்ளையும் இல்ல. யார சொல்றது?”

“அப்புறம்?”

“பாண்டி பக்கம் இடையஞ்சாவடில தங்கச்சி இருக்குது. எங்கம்மா செத்ததுலருந்து பேச்சுவார்த்தை இல்ல. அவ பேர சொன்னேன்.”

“வந்தாங்களா?”

“ஓடியாந்தா. ஜாமீன் கையெழுத்து போட்டா. திரும்பி வரப்ப பஸ்ல மரக்காணம் வரைக்கும் என் பக்கத்துலயே உக்காந்து வந்தா. ஒரு வார்த்த பேசல. பாண்டி பஸ் ஏறி போயிட்டா.”

“இன்னிக்கு கோர்ட்டுக்கு வருவாங்களா?”

“நான் ஒழுங்கா போனா அவளுக்கு யாரு தகவல் சொல்லப்போறாங்க? போகலன்னாதான் சொல்லுவாங்க.”

கோர்ட் ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் இரண்டு தடவை குரல் கொடுத்தார். இரண்டாவது தடவைதான் அந்த அம்மாள் எழுந்தார்.