தசாவதாரக் கதவு

தேக்குக் கதவுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் தடவ வேண்டும், ஐயா. அதை உடைக்காமல் கழற்றி எடுத்து வந்ததற்கு முதலில் உங்கள் ஆட்களுக்கு நன்றி. ஆனால் வெயில் படும் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள்; மரம் வெடித்துவிடும். அதை மட்டும் நிழலுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து ஊட்டி வளர்த்தது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அவள்தான். எனக்காகக் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவன் என்ற முறையில் எனக்கு மேடைகளுக்குக் குறைவில்லை. நிறையப் பேரைக் கலங்க வைத்திருக்கிறேன்.

மூன்று வருடமாக அவளுக்கு மறதி. சாதாரண மறதி என்றால் பொறுத்துப் போயிருப்பேன். எல்லாவற்றையும் விட்டவள் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீடு முன்பு அவள் பெயரில் இருந்தது. எனக்கு எழுதிக் கொடுத்தது மறந்துபோயிற்று. யார் வந்தாலும் கூடத்துக்கு வந்து என்னைக் காட்டுவாள். "இவர் யாருங்க? என் வீட்டுல ரொம்ப நாளா தங்கியிருக்காரு. கிளம்பவே மாட்டேங்கிறாரு." வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு மனிதன் எத்தனை முறைதான் சிரிப்பது?

அந்தச் சமயத்தில்தான் பூஜை அறைக்குக் கதவு போடத் தோன்றியது. பக்தி யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

தச்சர் கெட்டிக்காரர். இரட்டைக் கதவு, பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து அவதாரங்கள், எல்லாம் கையால் செதுக்கியது. எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். மீனின் செதில்களை எண்ணலாம். மேல்பாதியில் சின்னச் சின்னச் சதுரத் துவாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை மணி. கதவு அசைந்தால் அத்தனையும் கலகலவென்று ஒலிக்கும். எல்லாம் முடிந்தபின் வெளிப்பக்கம் கனமான தாழ்ப்பாள் ஒன்று வேண்டும் என்றேன்.

"பூஜை ரூமுக்கு எதுக்கு சார் இவ்வளவு பெருசு? சாமி எங்க ஓடிடப் போகுது?"

"உங்க வேலைப்பாட்டுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டுமே," என்றேன். கலைஞர்களைப் பாராட்டிவிட்டால் அடுத்த கேள்வி வராது.

முதலில் யாராவது வந்தால் மட்டும்தான் அவளை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போடுவேன். அரை மணி நேரம். பிறகு வந்தவர்கள் கிளம்பினாலும் திறக்க மறந்துவிடும். மறதி எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது போலும்.

பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு யார் பெயரும் நினைவில் இல்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கதவைப் பிடித்து ஆட்டுவாள். மணிகள் ஒலிக்கும். கூடத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திக் கைகூப்புவார்கள்.

"உள்ள யாரு?" என்று எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை கேட்டார்.

"அக்கா."

"கொடுத்து வெச்சவங்க."

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது பலகையில் நரசிம்மர் இருந்தார். ஒரு பிள்ளைக்காகத் தூணைப் பிளந்துகொண்டு வந்தவர், இங்கே பலகையை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. தப்பு என்றால் அவருக்குத் தெரியாதா?

மாதக் கடைசியில் தச்சர் எண்ணெய் தடவ வந்தார். உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன சார் கீறல்?"

"எலி."

"எலி நெஞ்சு உயரத்துக்கா வரும்?"

"பெரிய எலி."

எண்ணெய்ப் புட்டியை மூடினார். பிறகு வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போய்விட்டார். உங்களிடம் வந்து சொன்னவர் அவர்தான் என்று கேள்விப்பட்டேன், நான்கு வாரம் கழித்து. மனசாட்சி காய்வதற்கும் நேரம் வேண்டும் போலிருக்கிறது.

போன வாரம் வெளியூரில் சங்கங்களின் மாநாடு, மூன்று நாள். முதியோர் நலம் பற்றி நான் பேசினேன், நல்ல கைத்தட்டல். போகுமுன் அவளை உள்ளே உட்காரவைத்து, இரண்டு பாக்கெட் ரொட்டியும் ஒரு கேன் தண்ணீரும் வைத்தேன். மூடி திருகித் திறப்பது அவளுக்கு மறந்து ஆறு மாதமாகிறது. எனக்கு அது தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். தெரியும்.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நீங்க ஊர்ல இல்லாட்டியும் ரெண்டு நாளா மணிச்சத்தம் நிக்கவே இல்ல. இன்னிக்குத்தான் ஒண்ணும் கேக்கல. உடம்பு முடியலயா அவங்களுக்கு?" பார்க்கிறேன் என்றேன்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தேன். சுவரோரம் சுருண்டு கிடந்தாள். தண்ணீர் கேனைக் கட்டிப் பிடித்திருந்தாள்; மூடி திறக்கவில்லை. வெளிச்சம் பட்டதும் கண் திறந்து, மூன்று வருடத்தில் முதல் முறையாக என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சாப்பிட்டியாடா தம்பி?"

"சாப்பிட்டேன்க்கா."

ஐந்து மணிக்கு ஒரு மாத இதழிலிருந்து கதவைப் படம் எடுக்க வருவதாக இருந்தார்கள். மருத்துவரைக் கூப்பிட்டால் வீடு அமளியாகிவிடும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், தூசியையும் துடைத்தேன்.

படம் எடுக்க வந்தவர் ரசனைக்காரர். "மணி லேசா ஆடினா உயிரோட்டமா இருக்கும் சார். உள்ள இருந்து யாராவது தட்ட முடியுமா?" கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் நானே ஆட்டிவிட்டேன்.

அவர் போனபின் திறந்தேன். முடிந்திருந்தது.

கொலை என்றுதான் எழுதுவீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவளுக்கு என்மேல் வருத்தம் இருந்திருந்தால், நினைவு திரும்பிய அந்த ஒரு நிமிடத்தில் திட்டித் தீர்த்திருப்பாளே? சாப்பிட்டாயா என்றுதானே கேட்டாள்? புகார் சொல்ல வேண்டியவளுக்கே புகார் இல்லை. நடுவில் நீங்கள் ஏன் அலைகிறீர்கள்? எங்களுக்குள் ஒன்றுமில்லை, ஐயா.