ஜன்னலில் பிறந்தவள்

அருள்புரம் பனியன் கம்பெனியில் வேலை முடிந்து, இரண்டு பெண்கள் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இளையவள் பிள்ளைத்தாய்ச்சி.

“நான் பொறந்ததே எங்கூரு மாதா கோயில் ஜன்னல்லதான்க்கா” என்றாள்.

“அதெப்படி கண்ணு?”

“வெள்ளக்காரச் சாமியாரு கட்டுன பழைய கோயிலு. சுண்ணாம்புச் சுவரு, கட்டில் அகலம் இருக்கும். நான் பொறந்த அன்னைக்கு புயல்ல கடலு ஊருக்குள்ள வந்துட்டு. எல்லாரும் கோயிலுக்குள்ள ஓடுனாவ. தரையெல்லாம் தண்ணி. வலி வந்த எங்கம்மைய ஜன்னல் மேடையில படுக்க வச்சாவ. எம்பிள்ளைக்கும் அங்கதான் ஞானஸ்நானம். நீங்க வரணும்.”

மூத்தவள் தயங்கினாள். “நாங்க மாரியாத்தாளக் கும்புடறவங்க. உள்ளார உடுவாங்களா?”

“அன்னைக்கு அம்மைக்குப் பேறு பாத்தவங்களும் மாரியாத்தாளக் கும்புடுதவங்கதான்க்கா.”

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பக் கொழந்தைக்குச் சட்டை நான் தெச்சுக் கொண்டாறேன், கண்ணு.”