மூன்று முறை தேறாத பேட்டரி

என் சமையலறையில் உப்பு ஜாடி எப்போதும் அடுப்புக்கு வலப்பக்கம்தான் இருக்கும், சார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கிடைக்கும். போன வருடம் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டுப் போன என் நாத்தனார் அதை இடப்பக்கம் மாற்றிவிட்டாள். கூடவே மற்ற ஜாடிகளையும் உயரவாரியாக அடுக்கி வைத்தாள். என் கணவர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்து, "இப்பதான் சமையலறை மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பன்னிரண்டு நாளும் அண்ணனும் தங்கையும் சிரித்த சிரிப்பை, முப்பது வருடத்தில் அவர் என்னோடு சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நாத்தனார் தனி ஆள். அவள் குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும், எங்களோடு வந்து இருந்துவிடட்டும் என்று முடிவாயிற்று. நானும் தலையாட்டினேன். முட்டியில் ஆபரேஷன் ஆனவள், பஸ் ஏற முடியாது. வாடகைக் கார் வைக்கலாமென்றால் என் கணவர் ரோஷக்காரர். "என் தங்கச்சிய என் வண்டியிலதான் கூட்டிட்டு வருவேன்" என்று ஒரே பிடிவாதம். அந்த வண்டிக்கோ தகுதிச் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது. அதனால்தான் உங்களிடம் சோதனைக்கு வந்தோம்.

முதல் தடவை நீங்கள் பேட்டரியைக் கையால் அசைத்துப் பார்த்தீர்கள். ஆடியது. அதைப் பிடித்திருக்கும் பட்டையின் நட்டை முந்தின நாள் நான்தான் நாலு சுற்று தளர்த்தியிருந்தேன். இரண்டாம் தடவை பாசிட்டிவ் முனைக்கு மூடி இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். அது என் கைப்பையில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது, இந்தாருங்கள். உங்கள் வாசலில் ஒட்டியிருக்கும் விதிமுறைகளை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் எல்லாம் செய்தேன். பிரேக்கைத் தொட்டேனா? தொடவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

இன்று மூன்றாம் தடவை. பேட்டரி முனையில் துரு மாதிரி பூத்திருந்த நீலத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா எந்த பேட்டரியும் பூக்காதும்மா" என்றீர்கள். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டீர்கள். அது நான் குழைத்துப் பூசிய மயில்துத்தம், சார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். குழைக்கிற பக்குவம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. நீங்கள் அழகு என்றபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இப்படியே ஐந்து வாரம் ஓடிவிட்டது. அங்கே இடிக்க வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, அவள் வீட்டை முன்பக்கத்திலிருந்து இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூடம் போயிற்று. போன வாரம் சமையலறையும் போயிற்று. மிச்சமிருக்கும் பின்னறையில், கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே நாத்தனார் எங்கள் வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள்.

நேற்று சாயங்காலம் போன் செய்தாள். "அண்ணி, இங்க மழை கொட்டுது. கட்டில்ல குடையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன அவசரப்படுத்தாதீங்க. பேட்டரி சரியில்லாத வண்டியில வந்து உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா எனக்கு வேற யாரு இருக்கா?" என்றாள்.

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. நேரே வண்டிக்குப் போய், காலையிலேயே பூசி வைத்திருந்ததை வெந்நீர் ஊற்றித் துடைத்தெடுத்தேன். முனை இரண்டும் பளிச்சென்று ஆகிவிட்டன. மனசு லேசானது. உள்ளே வந்து, அவளுக்கென்று ஒழித்து வைத்த அறையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து மறுபடி வண்டிக்குப் போனேன்.

நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை, சார். அதனால்தான் நேற்று மறுபடி பூசியபோது பாதி அளவுதான் பூசினேன்.