கட்டில் காலுக்கு வச்ச செங்கல்

வளையல் சத்தத்துல என் பேச்சு கேக்குதா, வளைகாப்புக்கு வந்திருக்கற கர்ப்பிணித் தாய்மாருங்களே? கேக்கலேன்னாலும் பரவாயில்ல, நல்லாக் குலுக்குங்க! புளியோதரை வர்றதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லி முடிச்சிர்றேன்.

எங்க பக்கம் பூவலிங்கம்னு ஒரு கொத்தனார். சம்சாரம் சுடர்க்கொடி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு உண்டாயிருக்கா. மனுஷனுக்குக் கால் தரையில நிக்குமா?

ஆஸ்பத்திரியில ரெஜினா டாக்டரம்மா கேட்டாங்க. "ஏம்மா, உனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மாசாமாசம் வந்தா, கர்ப்பப்பை வாய் எவ்வளவு இளகுதுன்னு ஸ்கேன்ல அளந்து பாப்போம். சம்மதமா?"

"சரிங்க டாக்டரம்மா."

முதல்ல திரையில ஒரே நீலம். அப்புறம் பச்சை. ஏழாம் மாசம் பாத்தா... சிவப்பு! டாக்டரம்மா நர்ஸ்கிட்ட, "நல்லா இளகியிருக்கு, எழுதிக்கோ"ங்கறாங்க. இவ வாயத் தொறக்கறதுக்குள்ள, "அடுத்து யாரும்மா?"

வீட்டுக்கு வந்து ஓன்னு அழுதா. "ஏங்க... சிவப்பாக் காட்டுது... இளகியிருக்காம்."

கொத்தனார்கிட்ட இந்தச் சேதிய சொல்லலாமா? தளம் போட்டா நாளாக நாளாக இறுகணும். இளகுனா? மொத்தமா இறங்கிரும்! அவருக்குத் தெரிஞ்ச உலகம் அதுதானே?

ஓடுனாரு. செங்கல்லத் தூக்கிட்டு வந்தாரு. கட்டில்ல கால்மாட்டுப் பக்கம் அண்டக் குடுத்தாரு. தலை கீழ, காலு மேல! "ஏ சுடரு, அசையாத! வளைகாப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். புள்ள தங்குனாப் போதும்!"

பாவம் அந்தப் பொண்ணு... தும்முறதுக்குக்கூடப் பயந்து கெடந்தா. சோறும் சரியாத் திங்கல.

அடுத்த ஸ்கேனுக்கு, வயிறு குலுங்கிரக் கூடாதுன்னு ஆட்டோவக் கையால உருட்டிக்கிட்டே வராத குறைதான். டாக்டரம்மா திடுக்கிட்டாங்க. "என்னம்மா இப்படி வாடிட்டே?" கதையக் கேட்டதும் தலையில கைய வச்சாங்க. "என் தப்பு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். மெத்துனு இருக்கறத இந்த மிஷின் சிவப்பாக் காட்டும், அவ்வளவுதான். கர்ப்பப்பை வாய் நல்லா மூடியிருக்கு, அதோட நீளமும் சரியா இருக்கு. நல்லா இருக்கற உடம்பு இப்படித்தான் கொஞ்சங் கொஞ்சமா இளகும்."

கொத்தனார் விடுவாரா? "இறுகுனாத்தானே டாக்டரம்மா பலம்?"

"நீங்க கட்டறது உள்ள குடியிருக்கறதுக்கு. இங்க ஒரு ஆளு வெளிய வரணுமேப்பா!"

"அப்ப நல்லா இருக்கறவள எதுக்கு அளக்கணும்?"

"நல்லா இருக்கறது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே, நாளைக்கு இன்னொருத்திக்குக் கோளாறு எதுன்னு தெரியும்?"

சுடர்க்கொடி? அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே நாலு இட்லி கேட்டு வாங்கித் தின்னா!

இப்ப சொல்லுங்க. அவளப் படுக்கையில போட்டது வியாதியா? இல்ல... நல்லா இருக்கறது எப்படி இருக்கும்னு தெரியாதது! நமக்கும் அதே கதைதானே? காலு வீங்குனா பயம், புள்ள பொரண்டா பயம், பொரளாட்டியும் பயம். கேளுங்கம்மா! "அடுத்து யாரு"ன்னு கூப்பிட்டாலும் எந்திரிக்காதீங்க, கேட்டுட்டு எந்திரிங்க. டாக்டர் படுக்கச் சொன்னாப் படுங்க. கொத்தனார் சொன்னாப் படுக்காதீங்க!

அந்தச் செங்கல் என்னாச்சுன்னு கேக்கலியே? பூவலிங்கமே உருவி எடுத்தாரு. வாசல்ல அடுக்கி அடுப்பு கூட்டுனாரு. சுடர்க்கொடி வளைகாப்புக்குத் தேங்காச்சோறு வெந்தது... அந்தச் செங்கல் மேலதான்.