மஞ்சள் காருக்கு எலுமிச்சம்பழம்

ரேணுகா: அத்த... அது இன்னா சத்தம்? கூடத்துல இன்னா வுழுந்தது?

சின்னப்பொண்ணு: ஒண்ணுமில்லடி. நீ சுண்டலப் பாரு.

ரேணுகா: பொலபொலன்னு கொட்டுனா மாதிரி கேட்டுதே... அய்யோ. அத்த, இது மாமாவோட காரு.

சின்னப்பொண்ணு: காருதான். அதான் படைச்சேன்.

ரேணுகா: படைச்சியா?

சின்னப்பொண்ணு: நாளைக்கு ஆயுத பூசைக்கு நாம எல்லாரும் அவன் கம்பெனிக்குப் போயிடுவோம். வூட்டு வண்டிங்கள இன்னா பண்றது? அதான் இன்னிக்கே முடிச்சிட்டேன். மொபெட்டுக்கு ஆச்சி, உன் சைக்கிளுக்கு ஆச்சி. இதுக்கும் சந்தனம் குங்குமம் வச்சி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சேன்.

ரேணுகா: இது பிளாஸ்டிக் கட்டைங்கள அடுக்கிச் செஞ்ச பொம்ம, அத்த.

சின்னப்பொண்ணு: நாலு சக்கரம் கீதா இல்லியா? தள்ளிப் பாத்தா பழம் நசுங்கவே மாட்டேங்குது. மேல கைய வச்சி ஒரு அழுத்து அழுத்துனேன். பழம் அப்பிடியேதான் கீது. காருதான்...

ரேணுகா: அறுநூத்திச் சொச்சம் துண்டு. ஒண்ணுகூட ஒண்ணோட ஒட்டிகினு இல்ல.

சின்னப்பொண்ணு: படத்துல இதே மஞ்ச காரு ரயிலையே தாண்டிக் குதிச்சிதேடி. செங்கல்பட்டு கொட்டாயில போய் நாம மூணு பேரும் பாத்தமே... வில்லன் அத்தினி தடவ சுட்டான், ஒரு கீறல் வுழல. என் கை பட்டா இப்பிடியா?

ரேணுகா: சிரிக்காத அத்த. மாமா வந்து பாத்தா இன்னா ஆவும்? கம்பெனி ஜப்பானுக்கு அனுப்புனப்ப மூணு ராத்திரி கண்ணு முழிச்சி அங்கயே மாட்டுனது. பிளேன்ல அப்பிடியே மடியில வச்சிகினு வந்தது. நம்மளத் தொடவாவது உட்டுகீதா?

சின்னப்பொண்ணு: அவனே வந்து மாட்டிக்குவான் உடு. நாளைக்கு கம்பெனியில கழட்டி மாட்டிக் காட்டத்தான போறான்?

ரேணுகா: முழுசா கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டிட்டு, அப்புறமாத்தான் மேடையில கழட்டணும். மேனேஜர் ஜானகிராமன் சார் நோட்டீஸ்ல பேரே போட்டுகீறாரு. 'ஸ்டோர்ஸ் மோகன்'னு. ஒரு வாரமா மாமா சரியா சாப்புடவே இல்ல. அவ்ளோ ஆச.

சின்னப்பொண்ணு: ஆமாமா. நேத்து மீன் கொழம்பு வச்சேன், அதக்கூடத் தொடல.

ரேணுகா: மணி இன்னா?

சின்னப்பொண்ணு: அஞ்சு ஆவப் போவுது.

ரேணுகா: ஆறேகாலுக்கு கம்பெனி பஸ்ஸு வந்துடும். பரனூர் தாண்டுனதும் டீ வைக்கச் சொல்லி மிஸ்டு கால் குடுக்கும். அதுக்குள்ள... அத்த, அந்த முறத்த எடு. கீழ கெடக்கறத எல்லாம் பொறுக்கிப் போடு. கட்டில் அடியிலயும் பாரு.

சின்னப்பொண்ணு: இரு, புத்தகம் கீதே. எப்பிடி மாட்டறதுன்னு படம் போட்ட புத்தகம். பீரோ மேலதான் வச்சிருந்தான்... இந்தா. ஏண்டி, மேல சுத்துன கவரே இன்னும் பிரிக்கல.

ரேணுகா: மாமாவுக்குப் புத்தகம் எதுக்கு? பாத்தாலே மாட்டிடும்.

சின்னப்பொண்ணு: எவன், எம் புள்ளயா? சைக்கிள் செயின் கழண்டா ஊரையே கூப்புடுவான். ஜப்பான் போனதும் கை வந்துடுச்சாக்கும்... பிரிக்கட்டா?

ரேணுகா: வேணாம். பிரிச்சா தெரிஞ்சிபோயிடும். அந்தக் கறுப்பு நீளக் கட்டையக் குடு. அது இல்ல, ஓட்ட போட்டது. ம்... இப்ப ரெண்டு சாம்பல் கலர்.

சின்னப்பொண்ணு: இந்தா.

ரேணுகா: சின்ன பல்சக்கரம் ஒண்ணு கீதா பாரு. ஸ்டியரிங்குக்கு அடியில வரும்.

சின்னப்பொண்ணு: பல்லு வச்சதா? இந்தா.

ரேணுகா: இன்னா அத்த, பாத்துகினே கீற?

சின்னப்பொண்ணு: புத்தகமும் இல்ல, படமும் இல்ல. பூ கட்றா மாதிரி மாட்டிகினே போற. ரேணு... எங்கூடப் பொறந்தவன் பொண்ணு நீ. எங்கிட்டயே மறைக்கிறியா?

ரேணுகா: போன தையில தூசு தட்டும்போது ஒரு சக்கரம் கழண்டுச்சி. பயந்துகினே மாட்டுனேன். அப்புறம் கதவு எப்பிடி நிக்குதுன்னு பாக்கலாம்னு கழட்டுனேன். அப்புறம் இன்ஜின்...

சின்னப்பொண்ணு: அப்புறம்?

ரேணுகா: நீ மத்தியானம் படுத்தீன்னா, நான் முழுசா கழட்டி முழுசா மாட்டுவேன். வாரத்துல ரெண்டு நாளு. மாமா வர்றதுக்குள்ள ஷோகேஸ்ல வச்சிடுவேன்.

சின்னப்பொண்ணு: அடிப்பாவி. நான் எலி கொறிக்குதுன்னு மருந்து வாங்கியாந்தேனே.

ரேணுகா: அந்த மஞ்ச மூடியக் குடு.

சின்னப்பொண்ணு: இதுல இன்னாடி கீது? அவங்கிட்டச் சொன்னா சந்தோஷப்படுவான்.

ரேணுகா: படாது அத்த. மூணு ராத்திரி மூணு ராத்திரின்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீது. நான் ஒண்ணேகால் மணி நேரத்துல முடிக்கிறேன்னு தெரிஞ்சா... மூஞ்சி சுருங்கிடும். அதுக்குப் பெருமைன்னு கீறது இது ஒண்ணுதான். நீ சொல்லாத.

சின்னப்பொண்ணு: நான் ஏன் சொல்றேன். ஒடச்சதே நானு... ஏய், போனு.

ரேணுகா: எடுக்காத, மிஸ்டு கால்தான். பரனூர் வந்துடுச்சி. டீய நீ வை. கதவு ரெண்டும், முன்னாடி விளக்கும்தான் பாக்கி.

சின்னப்பொண்ணு: எலுமிச்சம்பழத்த இன்னா பண்றது?

ரேணுகா: மடியில கட்டிக்கோ... அவ்ளோதான், கடைசிக் கதவும் ஆச்சி. ஷோகேஸ்ல வச்சிடறேன், பஸ்ஸு சத்தம் கேக்குது.

மோகன்: அம்மா, டீ போட்டாச்சா? இன்னா ரெண்டு பேரும் ஷோகேஸ் முன்னால நிக்கிறீங்க?

சின்னப்பொண்ணு: சும்மாதாண்டா. நாளைக்கு எடுத்தும்போவணுமே, பாத்துகினு இருந்தோம்.

மோகன்: காருல பொட்டு வச்சிகீது.

சின்னப்பொண்ணு: வண்டின்னா பொட்டு வைக்க மாட்டாங்களா? படைச்சேன். நீ டீயக் குடி.

மோகன்: நாளைக்குப் போறது... நிச்சயமா போவணுமா? எனக்குத் தல வலிக்கறா மாதிரி கீது.

ரேணுகா: ஒரு வாரமா நீ சாப்புடல மாமா. அதான். நாஸ்தா தரட்டா?

மோகன்: வேணாம். இது இன்னா... ரேணு, இந்தக் கதவு தொறக்குது.

ரேணுகா: கதவுன்னா தொறக்கும்ல. படத்துல றெக்க மாதிரி மேல தூக்குமே.

மோகன்: இது தொறக்காது. வாங்குனதுலேர்ந்து... நான் மாட்டுனதுலேர்ந்து இந்தப் பக்கம் தொறந்ததே இல்ல.

ரேணுகா: கீலத் தலகீழா மாட்டிட்ட மாமா. திருப்பி மாட்டுனா...

மோகன்: திருப்பி மாட்டுனா?

சின்னப்பொண்ணு: போச்சுடா.

மோகன்: யாரு திருப்பி மாட்டுனது?

சின்னப்பொண்ணு: அவள ஒண்ணும் சொல்லாத. நாந்தான் பழத்த வச்சி ஒடச்சேன், இதோ மடியிலதான் கீது. அறுநூறு துண்டையும் அவதான் உக்காந்து மாட்டுனா. புத்தகத்தக்கூட தொடல.

மோகன்: முழுசாவா? எப்ப?

ரேணுகா: இப்பதான். அஞ்சு மணிலேர்ந்து. அதுக்கு முன்னாடியும் நெறைய தடவ... அப்பல்லாம் கீல பழையபடியே வச்சிடுவேன், இன்னிக்கு அவசரத்துல மறந்துட்டேன். கோவமா மாமா?

மோகன்: எல்லார் முன்னாடியும் மாட்டச் சொன்னா, கை நடுங்காம மாட்டுவியா?

ரேணுகா: மாட்டுவேன். ஏன் கேக்கற?

மோகன்: அம்மா, கொஞ்சம் சோறு போடு. பசிக்குது. ஜானகிராமன் சாருக்குப் போன் போட்டு, நோட்டீஸ்ல பேர மாத்தச் சொல்றேன். மேடையில எம் பொண்டாட்டி மாட்டுவான்னு.

ரேணுகா: நான் எதுக்கு மாமா? மூணு ராத்திரி முழிச்சது நீ. உன் கையால மாட்டுனாதான...

மோகன்: எங்க மாட்டுனேன்... கடையில பாக்கறதுக்காக மாட்டி வச்சிருந்தாங்க ரேணு, அதத்தான் கெஞ்சிக் கேட்டு மடியில வச்சி எடுத்தாந்தேன்.